நீரடி மணல்மேட்டின் மேல் ஓட்டம்: அளவீடு பிசகும்போது எங்கே தேடுவது

ஃப்ளூமில் (ஆய்வகச் செயற்கை வாய்க்காலில்) மணல் பரப்பி நீரோட்டி அளவெடுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும், ஆற்றில் படகிலிருந்து ஏடிசிபி (ஒலியால் ஆழம் முழுவதும் நீர்வேகம் அளக்கும் கருவி) இறக்கும் பொறியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். மணல்மேட்டின் மேல் எடுத்த அளவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் உடனே கருவியைத்தான் சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் கருவி சரியாகவே இருக்கும். மேட்டின் எந்த இடத்தில், படுகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அளந்தோம் என்பதைக் குறிக்காமல் விட்டதுதான் சிக்கலாகியிருக்கும். அதனால் எந்தக் கோளாறைத் தேடும் முன்பும் மேட்டின் நீள்வெட்டுப் படம் ஒன்றை அளவுப்படி வரைந்து, ஒவ்வொரு அளவீட்டையும் அதில் புள்ளியாக வையுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு விடை அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஒழுங்கான ஓட்டம் எப்படி இருக்கும்

மேட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நீர் வரும் பக்கம் மெல்ல ஏறும், மறுபக்கம் சட்டென்று இறங்கும். ஃப்ளூமில் தானாக உருவான மேட்டில் இந்த இறங்குசரிவு, மணல் சரிந்து நிற்கும் கோணமான 30 பாகைக்கு அருகில் இருக்கும். ஏறுசரிவில் நீராழம் குறைந்துகொண்டே வருவதால் வேகம் கூடும். முகட்டைத் தாண்டியதும் அவ்வளவு செங்குத்தான இறக்கத்தோடு ஒட்டி வளைய நீரால் முடியாது. அது படுகையை விட்டுப் பிரிந்துவிடும், பிரிந்த ஓட்டத்துக்கு அடியில் நீர் பின்னோக்கிச் சுழலும். பிரிந்த ஓட்டம் மேட்டின் உயரத்தைப் போல் 4 முதல் 6 மடங்கு தூரம் தள்ளிப் படுகையை மறுபடி தொடும். வேகமான மேல்நீருக்கும் பின்சுழலுக்கும் நடுவில் ஒரு கலப்புப் படலம் இருக்கும். கொந்தளிப்பின் பெரும்பகுதி பிறப்பது அங்கேதான், படுகையில் அல்ல. மறுபடி தொட்ட இடத்திலிருந்து அடுத்த முகடு வரை, படுகையை ஒட்டி ஒரு புதிய மெல்லிய அடுக்கு வளர்ந்துகொண்டே போகும். அதன் மேலே முந்தைய மேட்டிலிருந்து வந்த கலங்கல் ஓட்டம் மிதந்து செல்லும்.

நீரின் மேல்மட்டம் முகட்டுக்கு நேர்மேலே லேசாகத் தாழும், பள்ளத்துக்கு மேல் லேசாக உயரும். இது நினைவிலிருக்கட்டும், இரண்டாவது அறிகுறிக்குத் தேவைப்படும்.

அறிகுறி: மேடு வரவில்லை, சின்னச் சின்ன வரிகள்தான் வருகின்றன

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. நீராழத்தை மாற்றிப் பாருங்கள். மணல் வரிகளின் நீளம் ஆழத்தைப் பொருட்படுத்தாது, மணல்துகளின் விட்டத்தையே சார்ந்திருக்கும். துகள் விட்டத்தைப் போல் 1000 மடங்கு என்பது தோராயக் கணக்கு. மேட்டின் நீளமோ ஆழத்தோடு சேர்ந்து வளரும். ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு இருக்கும். உயரம் ஆழத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வரும். 15 செ.மீ. ஆழத்தில் ஓட்டும்போது ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின்னான நீளமுள்ள மேடு வரவேண்டும். 25 செ.மீ. நீளத்தில் வரிசையாக வந்து, ஆழத்தைக் கூட்டியும் அது மாறவில்லையென்றால் நீங்கள் பார்ப்பது வரிகள்தான்.

காரணம் பெரும்பாலும் மணல் நுண்ணியதாக இருப்பது. சுமார் 0.6, 0.7 மி.மீ.க்கு மேற்பட்ட மணலில் வரிகள் உருவாவதில்லை. நம் ஊர் ஆய்வகங்களில் இதற்குக் கையோடு ஒரு வழி இருக்கிறது. சிமெண்ட் சோதனைக்கு வாங்கி வைத்திருக்கும் எண்ணூர் மணலில் மூன்று தரங்கள் உண்டு: 2 முதல் 1 மி.மீ., 1 முதல் 0.5 மி.மீ., 0.5 மி.மீ.க்குக் கீழே. நடுத்தரத்தை எடுங்கள். ஃப்ளூம் முழுக்க நிரப்பும் அளவுக்கு அது கட்டுப்படியாகாது என்றால் ஆற்று மணலை அதே சல்லடைகளில் சலித்துக்கொள்ளலாம். எம்-சாண்ட் மட்டும் வேண்டாம். அதன் துகள்கள் கூர்முனை கொண்டவை, கல்தூசி நீரைக் கலக்கிவிடும். சாயம் விட்டுப் பார்க்கவும் முடியாது.

மணலை மாற்றிய பிறகு துகள்கள் உருள்கின்றன, ஆனால் படுகை தட்டையாகவே இருக்கிறது என்றால் பதற வேண்டாம். பருமணலில் குறைந்த வேகத்தில் இப்படி ஒரு தட்டை நிலை இயல்பாகவே வரும். ஓட்டத்தின் இழுவிசை போதவில்லை, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.7 மி.மீ. மணல் அசையத் தொடங்க, ஷீல்ட்ஸ் எண் (இழுவிசைக்கும் துகளின் நீரடி எடைக்கும் உள்ள விகிதம்) 0.03 என்று கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 0.34 நியூட்டன் இழுவிசை தேவை. 15 செ.மீ. ஆழத்தில் இதைத் தருவதற்கு 4300-க்கு 1 என்ற சரிவே போதும். ஆனால் மேடு எழ அதைப்போல் சில மடங்கு வேண்டும். 1000-க்கு 1 சரிவில் இழுவிசை 1.47 நியூட்டனாகிறது, ஷீல்ட்ஸ் எண் 0.13 ஆகிறது. அந்த நிலையில் மேடுகள் எழும். அப்புறம் நேரம் கொடுங்கள். முதலில் சிறு மேடுகள் தோன்றி, வேகமானவை மெதுவானவற்றைப் பிடித்து ஒன்றாகி, நீளம் நிலைபெறப் பல மணி நேரம் ஆகலாம். நிலைபெற்றதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்து எடுத்த படுகை வெட்டுகளில் சராசரி உயரமும் நீளமும் மாறாமல் இருக்கின்றனவா என்பதே அளவுகோல்.

அறிகுறி: முகட்டின் மேல் நீர்மட்டம் தாழாமல் உயர்கிறது

படுகையும் நீர்மட்டமும் ஒரே இடத்தில் உயர்ந்து ஒரே இடத்தில் தாழ்ந்தால் அது மணல்மேடு அல்ல, எதிர்மேடு. இரு பக்கமும் ஏறக்குறையச் சமச்சீராக இருக்கும். ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகரவும் கூடும். ஃப்ரூடு எண்ணை, அதாவது ஓட்ட வேகத்துக்கும் அந்த ஆழத்தில் அலை பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை, கணக்கிடுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் வினாடிக்கு 0.5 மீ. வேகம் என்றால் அது 0.41, மேடுகளுக்கு ஏற்ற நிலை. அதே ஆழத்தில் வேகம் 1.1 மீ. ஆனால் 0.9-ஐத் தாண்டிவிடும். ஃப்ளூமின் கடைசியில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் டெயில் கேட்டை உயர்த்தி ஆழத்தைக் கூட்டுங்கள், அல்லது சரிவைக் குறையுங்கள். எண் 0.5-க்குக் கீழே வந்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

எண் சிறியதாக இருந்தும் நீர்மட்டத்தில் அசையாத அலைகள் நின்றால், நுழைவாயிலில் இருக்கும் ஓட்டத்தை நேராக்கும் தேன்கூட்டுத் தடுப்பையும் அங்கே படுகை தொடங்கும் விளிம்பையும் பாருங்கள். அலை அங்கிருந்து கிளம்பியிருக்கும்.

அறிகுறி: இறங்குசரிவுக்குப் பின்னால் பின்சுழல் தெரியவில்லை

முதல் கேள்வி, இறங்குசரிவின் கோணம் என்ன? 10 பாகை அளவுக்குத் தாழ்ந்த சரிவில் நிலையான பின்சுழல் வராது. அவ்வப்போது சில கணங்கள் நீர் பின்னோக்கிப் போகும், சராசரி எடுத்தால் முன்னோக்கியே இருக்கும். இது அளவீட்டுப் பிழை அல்ல. பாடப்புத்தகப் படங்களில் எல்லா மேடுகளும் 30 பாகையில் சரிவதால் நாம்தான் அப்படியே எதிர்பார்க்கிறோம். கனடாவின் ஃப்ரேசர் ஆற்று முகத்துவாரத்தில் கோஸ்டஷுக், வில்லார்ட் இருவரும் 1996-இல் விவரித்த மேடுகளுக்கு இறங்குசரிவு தாழ்வானது. அமேசான், மிசிசிப்பி, மேகாங் போன்ற பேராறுகளின் படுகைகளை ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வு, தாழ்ந்த சரிவே அங்கே பொதுவானது என்று காட்டியது. அந்தச் சரிவும் ஒரே கோணத்தில் இறங்குவதில்லை; மேல்பாதி சாய்வாகவும் அடிப்பகுதி செங்குத்தாகவும் இருக்கும். ஃப்ளூமில் பழகிய கண்ணோடு பேராற்றுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்தே தீரவேண்டும்.

சரிவு 25, 30 பாகை இருந்தும் பின்சுழல் தெரியவில்லையென்றால் கருவி நின்ற இடத்தைப் பாருங்கள். ஒலியால் ஓரிடத்து நீர்வேகத்தை அளக்கும் கீழ்நோக்கிய ஏடிவி தன் முனையிலிருந்து 5 செ.மீ. கீழே உள்ள சிறு நீர்க்கனத்தைத்தான் அளக்கிறது. 3 செ.மீ. உயர மேட்டின் பின்சுழல் 3 செ.மீ.க்கும் மெல்லியது. அளக்கும் கனம் சற்று மேலே நின்றால் கலப்புப் படலத்தை அளப்பீர்கள், சற்றுக் கீழே போனால் படுகையின் எதிரொலி வந்துவிடும். மேட்டைப் பெரிதாக்குவதே இதற்கு நல்ல தீர்வு. மணலுக்குப் பதில் அசையாத மேடு வார்த்துச் சோதிப்பவர்கள் உயரத்தைத் தாராளமாக வைக்கக் காரணம் இதுதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வகத்தில் வான் மிர்லோவும் டி ரைட்டரும் 1988-இல் பயன்படுத்திய மேடு 1.6 மீ. நீளமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது. இன்றும் கணினிப் போலிகளை (ஓட்டத்தைக் கணக்கிடும் மாதிரிகளை) சரிபார்க்க அந்த அளவீடுகளைத்தான் எடுக்கிறார்கள்.

சாயம் விடுகிறவர்கள் ஊசியை முகட்டின் மேல் வைக்காதீர்கள். அங்கே விட்ட சாயம் மேல்நீரோடு போய்விடும். பள்ளத்தின் அடியில், படுகையை ஒட்டி மெதுவாக விட்டால் அது பின்னோக்கி ஏறி முகட்டின் அடியை நோக்கிப் போவது தெளிவாகத் தெரியும்.

ஆற்றில் ஏடிசிபி வைத்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். அதன் கதிர்கள் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்து விரிகின்றன. 10 மீ. ஆழத்தில் எதிரெதிர்க் கதிர்கள் படுகையைத் தொடும் இடங்களுக்கு நடுவே 7 மீட்டருக்கு மேல் இடைவெளி. ஒரு கதிர் முகட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் விழலாம். கருவியோ இரண்டையும் ஒரே ஓட்டமாகக் கொண்டு சேர்த்துவிடும். போதாததற்கு, முக்கியக் கதிருக்குப் பக்கவாட்டில் கசியும் ஒலி படுகையில் பட்டுத் திரும்பும் பக்க எதிரொலியால் அடியில் உள்ள 6 விழுக்காடு ஆழத்தின் தரவை நம்ப முடியாது. 10 மீ. ஆழத்தில் அது 60 செ.மீ. மேடு சிறியதென்றால் பின்சுழல் முழுவதுமே அந்த 60 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அங்கே பின்சுழல் இல்லை என்று எழுதாதீர்கள். இந்தக் கருவிக்கு அது எட்டாது என்று எழுதுங்கள்.

அறிகுறி: ஓட்டம் மறுபடி படுகையைத் தொடும் தூரம் ஒத்துவரவில்லை

தூரத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? மேட்டின் உச்சியும், இறக்கம் தொடங்கும் விளிம்பும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. உச்சி உருண்டையாக இருந்தால் விளிம்பு கொஞ்சம் தள்ளியிருக்கும், ஓட்டம் பிரிவது விளிம்பில். அங்கிருந்து அளந்து, மேட்டின் உயரத்தால் வகுங்கள்.

தொடும் புள்ளி ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. முன்னும் பின்னும் அலையும். சராசரி வேகம் சுழியாகும் இடத்தைத் தேடுவதைவிட, படுகையை ஒட்டி ஓட்டம் பாதி நேரம் முன்னோக்கியும் பாதி நேரம் பின்னோக்கியும் போகும் இடத்தைத் தேடுவது எனக்கு நம்பகமாகப் படுகிறது.

கணினியில் ஓட்டுபவர்களுக்குத் தூரம் குறைவாக வந்தால் முதல் சந்தேகம் கொந்தளிப்புப் போலியின் (கொந்தளிப்பைக் கணக்கிடும் மாதிரியின்) மேல் விழவேண்டும். வழக்கமான கே-எப்சிலான் போலி, பிரிந்த ஓட்டத்தின் நீளத்தைக் குறைத்தே காட்டும். யூனும் பட்டேலும் 1996-இல் மேட்டின் மேல் ஓட்டத்துக்குக் கே-ஒமேகா என்ற மற்றொரு போலியைப் பயன்படுத்தி நல்ல முடிவு கண்டார்கள், அங்கிருந்து தொடங்கலாம். அடுத்து, படுகையருகே சுவர்ச் சமன்பாடு (வலையை நுணுக்காமல் சுவரருகே வேகத்தை ஊகிக்கும் சூத்திரம்) வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது, வேகம் உயரத்தின் மடக்கையைப் போல் கூடும் என்ற மடக்கை விதியை நம்பி எழுதப்பட்டது, பின்சுழலுக்குள் அந்த விதி இல்லை. கணக்கீட்டு வலையைச் சுவர் வரை நுணுக்கிவிடுவதே முறை.

அறிகுறி: வேக வெட்டிலிருந்து எடுத்த உராய்வு இரண்டு விடை தருகிறது

வேக வெட்டு என்பது ஓரிடத்தில் படுகையிலிருந்து மேல்வரை வேகம் மாறும் விதம். இந்த அறிகுறியைக் கண்டால் நிதானமாக உட்காருங்கள். மணல்மேட்டு ஓட்டத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

தட்டையான படுகையில் வேகத்தை உயரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் ஒரே நேர்கோடு வரும், அதன் சாய்விலிருந்து படுகை உராய்வு கிடைத்துவிடும். மேட்டின் மேல் ஒரே ஓர் இடத்தில் அளந்து அப்படி வரைந்தால், முகட்டில் ஒரு விடை, பள்ளத்தில் வேறொன்று, ஏறுசரிவில் மூன்றாவது ஒன்று வரும். மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு மேட்டின் முழு நீளத்திலும் பல இடங்களில் வெட்டுகள் எடுத்துச் சராசரி கண்டால்தான் பொருள் வரும். சராசரி எடுக்கும்போது படுகையிலிருந்து உயரமா, நிலையான மட்டத்திலிருந்து உயரமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதித் தரவை ஒரு முறையிலும் மீதியை மறு முறையிலும் வைத்துக் கணக்கிட்டால் எந்தக் கோடும் பொருந்தாது.

அந்தச் சராசரி வெட்டும் ஒரே கோடாக வராது, கீழே ஒரு சாய்வும் மேலே ஒரு சாய்வுமாக இரண்டாக உடையும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஸ்மித்தும் மெக்லீனும் கண்டு 1977-இல் வெளியிட்டது இதைத்தான். கீழ்த்துண்டு, மணல்துகள்கள் நேரடியாகத் தரும் மேற்பரப்பு உராய்வைக் காட்டுகிறது. மேல்துண்டு மொத்தத் தடையைக் காட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேட்டின் வடிவம் தரும் தடை: ஏறுசரிவில் அழுத்தம் கூடுதல், முகட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைவு, இந்த ஏற்றத்தாழ்வே ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஆக இரண்டு விடை வந்தால் அது பிழை அல்ல, சரியாக அளந்திருக்கிறீர்கள்.

சரிபார்க்க ஒரு வழி: நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம், நீர்மட்டச் சரிவு இவற்றைப் பெருக்கினால் மொத்தத் தடை கிடைக்கும். ஃப்ளூம் குறுகலாக இருந்தால் பக்கச் சுவரின் பங்கைக் கழித்துவிடுங்கள். மேல்துண்டின் விடை அதை ஒட்டி வரவேண்டும். வரவில்லையென்றால் போதுமான இடங்களில் வெட்டு எடுக்கவில்லை, அல்லது நீர்மட்டச் சரிவை மிகக் குறுகிய தூரத்தில் அளந்திருக்கிறீர்கள். மேட்டுக்கு மேட்டு மட்டம் ஏறி இறங்குவதால் பல மேடுகளைத் தாண்டி அளந்தால்தான் சரிவு நம்பத் தகுந்ததாகும்.

இதன் விளைவு மணல் கணக்கில் வந்து விழும். மொத்தத் தடையை அப்படியே எடுத்து மணல் போக்கைக் கணக்கிட்டால் விடை பல மடங்கு கூடிவிடும். துகளை இழுப்பது மேற்பரப்பு உராய்வுதான். 1952-இல் ஐன்ஸ்டைனும் பார்பரோசாவும் இரண்டையும் பிரிக்க முறை தந்தது இதற்காகவே. (இந்த ஐன்ஸ்டைன், இயற்பியல் மேதையின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட்.) ஆனால் பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஓட்டம் மறுபடி தொடும் இடத்தில் சராசரி உராய்வு சுழி. அங்கே மணல் அசையக்கூடாது என்று கணக்கு சொல்லும். கண்ணாடிச் சுவர் வழியே பாருங்கள், அந்த இடத்தில் மணல் திடீர் திடீரென்று வாரி எறியப்படுவது தெரியும். கலப்புப் படலத்திலிருந்து சுழிகள் வந்து மோதுகின்றன. சராசரி உராய்வை மட்டும் நம்பும் எந்தச் சூத்திரமும் இந்த இடத்தைத் தவறவிடும்.

அறிகுறி: கொந்தளிப்புத் தகைவின் உச்சம் படுகையில் இல்லை, மேலே இருக்கிறது

கொந்தளிப்புத் தகைவு என்பது சுழிகளின் கலப்பால் ஓட்டத்தில் எழும் இழுவிசை. அதன் உச்சம் முகட்டின் மட்டத்தை ஒட்டியிருந்தால் சரியாக இருக்கிறது, கலப்புப் படலம் அங்கேதான். தாறுமாறான ஒற்றைக் கூர்முனைகள் தரவில் தெரிந்தால் மட்டும் கோரிங், நிகோரா 2002-இல் தந்த முறையில் வடிகட்டுங்கள். இணக்க மதிப்பு (திரும்பிய ஒலி எவ்வளவு ஒத்துப்போனது என்று கருவி தரும் மதிப்பெண்) 70 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள அளவுகளை விட்டுவிடலாம். கலப்புப் படலத்துக்குள் உண்மையான வீச்சும் பெரிதாக இருக்கும் என்பதால் வடிகட்டியை இறுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: வார்த்து வைத்த மேடுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது

முதல் சில மேடுகளில் ஓட்டம் இன்னும் பழகியிருக்காது. அடுத்தடுத்த இரண்டு மேடுகளில் ஒரே இடத்து வெட்டை ஒப்பிடுங்கள். ஒன்றுபோல் வரும் இடத்திலிருந்துதான் அளக்கத் தொடங்கவேண்டும். அகலம் ஆழத்தைப் போல் 5 மடங்காவது இல்லையென்றால் நடுக்கோட்டில் கூடப் பக்கச் சுவரின் தாக்கம் வந்துவிடும்.

அறிகுறி: ஆற்றில் அதே நீர்மட்டம், ஆனால் நீரளவு வேறு

வெள்ளம் ஏறும்போது மேடுகள் சிறியவை, தடை குறைவு, அதே மட்டத்தில் அதிக நீர் போகும். வடியும்போது மேடுகள் பெரிதாகவே நிற்கும், தடை அதிகம், நீர் குறையும். படுகை மாற நேரம் எடுக்கும், வெள்ளம் அதற்காகக் காத்திருக்காது. நெதர்லாந்தின் ரைன் கிளைகளில் 1998 வெள்ளத்தின்போது எடுத்த படுகை அளவீடுகளில் இந்தப் பின்தங்கல் பதிவாகியிருக்கிறது. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வெள்ள அலையும் ஏறும்போது நீர்மட்டச் சரிவைக் கூட்டி அதே திசையில்தான் வித்தியாசம் காட்டும். இரண்டு அளவுகோல் நிலையங்களின் மட்டத்தை வைத்துச் சரிவைக் கணக்கிட்டு அந்தப் பங்கை முதலில் கழியுங்கள். மிச்சமிருப்பதே மேட்டின் பங்கு.

நீரளவு கூடும்போது மட்டம் ஏறாமல் நின்றாலோ சட்டென்று இறங்கினாலோ மேடுகள் கரைந்து படுகை தட்டையாகியிருக்கலாம். மானிங் எண் (படுகை தரும் தடையைக் குறிப்பது) மேடுள்ள படுகையில் 0.03 வரை போகும், தட்டையானதும் 0.012 அளவுக்கு விழும். அமெரிக்காவின் ரியோ கிராண்டே போன்ற மணல் ஆறுகளில் மட்ட-நீரளவுக் கோடு இப்படி இரண்டாக உடைவதை டேவிட் டாடி 1961-இல் எழுதினார். அங்கே ஒரே வளைகோட்டை வலிந்து பொருத்தாதீர்கள், இரண்டு கோடுகளாகவே வைத்திருங்கள்.

ஏடிசிபி தரும் நீரளவு தொடர்ந்து குறைவாக வந்தால் கதை வேறு. கருவி தன் நகர்வை அளக்கப் படுகையை அசையாததாக எடுத்துக்கொள்கிறது. படுகை மணல் கீழ்நோக்கி ஓடினால், படகு மேல்நோக்கிப் போவதாகக் கருவி நினைத்து அந்த அளவை நீரின் வேகத்தில் கழித்துவிடும். நங்கூரமிட்டுப் படகை ஓரிடத்தில் நிறுத்திச் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். நிற்கும் படகு மேல்நோக்கி நகர்ந்ததாகத் திரையில் கோடு வந்தால் சந்தேகமே இல்லை. ஜிபிஎஸ் நகர்வுக்கு மாறுங்கள். அது இல்லையென்றால், அந்தப் போலி நகர்வைப் பதிவு நேரத்தால் வகுத்து வரும் வேகத்தை அளந்த வேகத்தோடு கூட்டுங்கள். நங்கூரச் சோதனையை ஆற்றின் ஓரத்தில் செய்யாமல், மணல் மிகுதியாக ஓடும் நடு ஓட்டத்திலேயே செய்யுங்கள்.